அறுபது நாள் அவகாசம்

ஐந்து பேர் டீக்கடைக்குப் போனால் ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே? அவனோடு போனால் அது நடக்காது. டீக்கு எத்தனை கை, காப்பிக்கு எத்தனை கை என்று எண்ணுவான். கை தூக்காமல் ஒருவன் சும்மா இருந்தால் ‘நடுநிலை ஒன்று’ என்று அதையும் சத்தமாக அறிவிப்பான். டீ ஜெயித்த பிறகு, தோற்றுப்போன காப்பிக்காரனைப் பார்த்து, “சிறுபான்மைக்கும் உரிமை உண்டுல்ல, அவனுக்கு மட்டும் ஒரு காப்பி போடுங்கண்ணே” என்பான். அப்படியென்றால் ஓட்டு எதற்கு என்று கடைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. காலேஜில் படிக்கிற பிள்ளைகள் என்று அவருக்கு எங்கள் மேல் அவ்வளவு மரியாதை.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். பேரன் பேத்தி எடுத்து நல்லபடியாக இருக்கிறான். விடுதியில் அவனுக்குச் சபாநாயகர் என்று பெயர். கேலிக்காக நாங்கள் வைத்தது. அவன் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டான். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சாப்பாட்டுத் தட்டில் டம்ளரைத் தட்டி, “ஒழுங்கு, ஒழுங்கு” என்பான்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் நாங்கள் பி.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தோம். அரசியலை விரும்பி எடுத்தவர்கள் அந்த வகுப்பில் யாரும் இல்லை. பொருளாதாரத்தில் இடம் கிடைக்காதவர்கள், கணக்கைக் கண்டு ஓடி வந்தவர்கள், விண்ணப்பத்தில் தப்பான கட்டத்தில் டிக் அடித்தவர்கள் என்று இருபத்திரண்டு பேர். ஊரில் போய் அரசியல் படிக்கிறேன் என்றால், “எந்தக் கட்சி?” என்று கேட்டார்கள். என் அப்பா திருக்கோஷ்டியூரில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தார். கதவு நிலை வைக்கப் போகிற வீடுகளிலெல்லாம், மகன் மந்திரி வேலைக்குப் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. அந்த நிலைக்கதவு வீட்டுக்காரர்கள் என்னை உட்காரச் சொல்லிப் பேசியது அந்த மூன்று வருஷந்தான்.

இரண்டாம் வருஷத்தில் ‘நவீன அரசாங்கங்கள்’ என்று ஒரு தாள் வந்தது. இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு, சுவிட்சர்லாந்து, ரஷ்யா ஆகிய ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து ஒப்பிட வேண்டும். அமெரிக்க அதிபரையும் இங்கிலாந்துப் பிரதமரையும் ஒப்பிடுக என்று வருஷம் தவறாமல் ஒரு கேள்வி வரும். நாங்கள் நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று உருப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். அவன் தூங்கவில்லை. அந்தத் தாளில் இருந்ததையெல்லாம் அவன் நம்பினான். காய்கறி வாங்குவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து நாடுகளில் ஏதோ ஒன்று வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது, நாம் போய்ப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தான்.

அவன் வீடு கல்லலுக்குப் பக்கத்தில். நாலு ஜோடி மாடும் நல்ல நஞ்சையும் உள்ள குடும்பம். ஒரு பொங்கல் லீவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் அப்பாவை உட்காரவைத்து, இங்கிலாந்து முறைதான் இந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று விளக்க ஆரம்பித்தான். அப்பா அரசர் மாதிரி. எல்லாம் அவர் பெயரில்தான் நடக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், கையெழுத்து அவருடையது. ஆனால் முடிவுகளை மட்டும் அமைச்சரவை எடுக்கும். அமைச்சரவை என்றால் அம்மா, அண்ணன், அவன்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டார். “ராசாங்கிறே என்னைய?”

“ஆமாப்பா.”

“அப்பச் சரி. ராசா சொல்றாரு, போயி அங்குட்டுக் கட்டியிருக்க மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா.”

அவன் போனான். போகும்போதே என்னிடம், “முடியாட்சி மக்களாட்சியா மாற முந்நூறு வருஷம் ஆச்சுடா, அவசரப்படக் கூடாது” என்றான். அன்றைக்குச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவசரப்படக் கூடாது என்பதை அவன் எவ்வளவு தூரம் நம்பினான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சினிமாவுக்குப் போவதும் அப்படித்தான். ஊரில் இரண்டு கொட்டகையில் இரண்டு படம். எதற்குப் போவது என்று கையைத் தூக்கினால் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் தூக்குவார்கள், அது தப்பு, ரகசிய வாக்கெடுப்புதான் சரி என்று சீட்டுக் கிழித்தான். இரண்டு படத்துக்கும் சமமாக விழுந்தது. மறு வாக்கெடுப்பு நடத்தினான். அதிலும் சமம். சமமானால் என்ன செய்வது என்று ஐந்து நாடுகளையும் அலசி முடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஹவுஸ்ஃபுல் போர்டு வெளியே வந்திருந்தது. எங்களுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. “படம் போனாப் போகுதுடா, முறையாப் போச்சுல்ல” என்றான்.

அதற்குப் பிறகும் விடுதிக்கு ஓர் அரசியல் சட்டம் எழுத அவனை விட்டோமே, எங்களைச் சொல்ல வேண்டும். எண்பத்திரண்டு பேர் தங்கியிருந்த விடுதி. சாப்பாட்டுக்கூட விவகாரங்களைப் பேச மாணவர் குழு ஒன்று ஏற்கெனவே உண்டு. அது மாதத்துக்கு ஒருமுறை கூடி, வடையின் அளவைப் பற்றிப் பேசிவிட்டுக் கலையும். அதைப் பாராளுமன்றமாக்கினான். நூற்றுப் பன்னிரண்டு விதிகள். மந்திரிகளைக் கேள்வி கேட்கிற வழக்கம் இங்கிலாந்திலிருந்து. எல்லோரும் ஓட்டுப்போட்டு முடிவெடுப்பது சுவிட்சர்லாந்திலிருந்து. சட்டத்தைச் சுலபத்தில் மாற்ற முடியாதபடி இறுக்கிக் கட்டுவது அமெரிக்காவிலிருந்து. நிறைவேறிய ஒரு தீர்மானத்தை மாற்ற வேண்டுமானால் அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், பிறகு எண்பத்திரண்டு பேரும் ஓட்டுப்போட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று ஒரு விதி. நூற்றுப் பன்னிரண்டில் அதுதான் அவனுக்குச் செல்லப் பிள்ளை. கார்பன் வைத்து நாலு பிரதி எடுத்து, ஒன்றைக் கொண்டுபோய் வார்டனிடம் கொடுத்தான். வார்டன் வேதியியல் பேராசிரியர். அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

சட்டம் வந்தாகிவிட்டது, அதை ஓட்டிப் பார்க்க வேண்டாமா? அந்த வாரம் வகுப்பில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார்கள். விடுதியில் ஒரே வாரத்தில் நாலு நாள் கத்தரிக்காய் போட்டார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது யாருடைய கெட்ட நேரமோ தெரியவில்லை. தெரியவில்லை என்ன, தெரியும். சமையல்கார அண்ணனுடைய கெட்ட நேரம்.

அவர் பெயர் கருப்பையா. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அங்கே சமைத்தவர். சம்சாரம் இறந்துபோய், விடுதிக்குப் பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டி இருந்த ஒற்றை அறையில் மகளோடு இருந்தார். மகள் சிவகாமி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கேட்காமலே கஞ்சி வரும். கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாராளுமன்றம் கூடியது. சமையல் துறை மீது நம்பிக்கையில்லை என்று ஒருவன் முன்மொழிந்தான். எல்லோரும் எழுந்து எழுந்து பேசினோம். நானும் பேசினேன். ‘கத்தரிக்காய் ஏகாதிபத்தியம்’ என்று நான் சொன்னதற்கு மேசையைத் தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. கருப்பையா அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினோம். பனியனோடு, தோளில் கரித்துணியோடு வந்தார்.

“பத்து நிமிஷம் உங்களுக்கு” என்றான் சபாநாயகர்.

“என்ன தம்பி பேசணும்?”

“கத்தரிக்காய் பத்தி.”

“ஆபீஸ்ல இருந்து என்ன காய் வாங்கி அனுப்புறாகளோ அதத்தான் தம்பி நான் சமைக்க முடியும். உப்பு ஒறைப்பு கூடக்கொறைய இருந்தாச் சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்.” சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அடுப்புல பால் கெடக்கு தம்பி, பொங்கிரும்” என்று போய்விட்டார்.

அவை நடந்துகொண்டிருக்கும்போது அமைச்சர் வெளியேறியது வருந்தத்தக்கது என்று குறிப்பில் எழுதச் சொன்னான். பிறகு ஓட்டு. நாற்பதும் நாற்பதும் வந்தது. சபாநாயகர் ஓட்டுப்போடக் கூடாது. கைதட்டல் வாங்கிய மிதப்பில் பின்னால் நின்றுகொண்டிருந்த நான் மட்டும் இன்னும் போடவில்லை. எண்பது முகமும் என் பக்கம் திரும்பியது. தீர்மானத்தின் பக்கம் கையைத் தூக்கினேன். கருப்பையா அண்ணன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இவ்வளவு பேர் பார்க்கும்போது கையைத் தூக்காமல் எப்படி நிற்பது என்றுதான் தோன்றியது.

எங்களுக்கு அது விளையாட்டு. இங்கிலாந்தில் இந்தத் தீர்மானம் நிறைவேறினால் மந்திரிசபை வீட்டுக்குப் போகும் என்று படித்தோம். அந்த மந்திரிகளுக்கு வேறு வீடு இருக்கும் என்பது பாடத்தில் இல்லை. அன்றைய தேதிக்கே தீர்மானத்தைத் தலைமைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால், அவன் அழகான கையெழுத்தில் பிரதி எடுத்து வார்டன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். நூற்றுப் பன்னிரண்டு விதியையும் படிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு மூடியவர், இந்த ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாராம். தன் ஊர்க்காரர் ஒருவரைச் சமையலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை கருப்பையா அண்ணனுக்கு வேலை போயிற்று. அறையை ஒரு வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

அவர் வார்டனிடம் போகவில்லை. சபாநாயகரிடம் வந்தார்.

“வேலை போனாப் போகட்டும் தம்பி. இந்த மாசமும் அடுத்த மாசமும் அந்த அறையில மட்டும் இருக்க விடச் சொல்லுங்க. புள்ள பரிச்சை எழுதிரட்டும். திருப்பத்தூர்ல மச்சான் வீடுதான் இருக்கு. அங்குட்டுருந்து வயசுப்புள்ளைய தெனம் பஸ்ஸுல அனுப்ப அவுக ஒத்துக்க மாட்டாக. நீங்க படிச்சவுக, நீங்க சொன்னா வார்டன் கேப்பாரு.”

அவர் போனதும் அவன் அழுதுவிட்டான். நடிப்பில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நிஜமாக அழுதான். சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்து நான் சட்டையை மாட்டினேன். “வாடா, ஒரு பத்துப் பேரு இப்பவே போவோம். வெளையாட்டுக்குச் செஞ்சோம் சார், தப்புத்தான்னு சொல்லிருவோம்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “எண்பத்திரண்டு பேரு போட்ட தீர்மானத்தப் பத்துப் பேரு போயி மாத்துறதுக்குப் பேரு என்ன தெரியுமா? சர்வாதிகாரம்.”

“அதுக்காக?”

“வழி இருக்குடா. முன்னறிவிப்பு கொடுத்து, எல்லாரும் ஓட்டுப்போட்டு முறையாக் கொண்டாருவோம். அப்பத்தான் எந்த வார்டனாலயும் அசைக்க முடியாது.”

“அறுபது நாள் ஆகுமேடா.”

“ஆகும்” என்றான். அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு வேதனையோடு சொன்னான். ஆனால் சொன்னான். விதியை எழுதியவனே அவன்தான். அழித்து எழுத ஒரு ரப்பர் போதும். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவனை மட்டும் சொல்லி என்ன? நான் தனியாகப் போயிருக்கலாம். என் கைதானே கடைசியாகத் தூக்கிய கை. எனக்கு அந்த விடுதியில் சலுகையில் இடம் கொடுத்திருந்தார்கள், அதில் வார்டன் கையெழுத்து இருந்தது. மாட்டிய சட்டையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எங்களில் ஒருவனும் போகவில்லை. முறையாக நடக்கப்போகிறது என்று ஒருவன் பொறுப்பெடுத்துக்கொண்டது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கருப்பையா அண்ணன் ஒரு மாட்டுவண்டியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு மகளோடு போனார். புதுச் சமையல்காரர் வந்தார். ஐந்து நாள் கத்தரிக்காய் போட்டார்.

அந்த அறுபது நாளும் சபாநாயகர் உழைத்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அறை அறையாகப் போனான். தீர்மானத்தின் வாசகத்தை முதல் நாளே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினான். மழைச்சாரல் பட்டு மை கரைந்தபோது எழுத்து மாறாமல் மறுபடி எழுதி ஒட்டினான். சொந்தப் பரீட்சைக்குப் படிக்கவில்லை. பின்னாளில் அவன் அரசாங்க வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அவன் மேசைக்கு வந்த கோப்பு ஒன்றுகூடத் தொலைந்ததில்லையாம். வெளியே போனதும் குறைவுதான் என்கிறார்கள்.

ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. மூடியில் துளை போட்டு ஓட்டுப்பெட்டி ஒன்று செய்து அரக்கு முத்திரை வைத்திருந்தான். எண்பத்திரண்டு ஓட்டும் கருப்பையா அண்ணனுக்கே விழுந்தன. எங்கள் வரலாற்றில் ஒருமனதாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டான். அன்று மாலையே வார்டனிடம் கொண்டுபோனான். அவர் படித்துவிட்டு, “ரொம்ப நல்லது, ஆனா இப்ப ஆளு இருக்காரே” என்று மேசை இழுப்பறையைத் திறந்து போட்டு மூடினார்.

மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பத்தூர் பஸ் ஏறினான். சந்தைக்குப் பின்னால் விசாரித்து விசாரித்து அந்த மச்சான் வீட்டுக்குப் போனோம். கருப்பையா அண்ணன் ஒரு சாப்பாட்டுக்கடையில் எடுபிடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு மதிய வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். “வாங்க தம்பி, வாங்க. இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளே. வெயில்ல நிக்காம இங்குட்டு வாங்க.” மச்சான் வீட்டு முற்றத்தில் சிவகாமி அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமா வீட்டுக் குழந்தை ஒன்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சபாநாயகர் உட்காரவில்லை. நின்றபடி தீர்மானத்தை முழுவதும் வாசித்தான். சமையல்காரர் திரு. கருப்பையா அவர்களின் பன்னிரண்டு ஆண்டுச் சேவையைக் கருதியும், அவருடைய மகள் வரும் மாதம் பள்ளி இறுதித் தேர்வு எழுதவேண்டியிருப்பதைக் கருதியும், அவருக்கு வேலையும் குடியிருப்பும் உடனே திரும்ப வழங்கப்பட வேண்டுமென இவ்வவை ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது.

கருப்பையா அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நான் எப்பத் தம்பி வரணும்?”

“இல்லண்ணே, வார்டன் வேற ஆள் போட்டுட்டாரு. நாங்க கேட்டுக்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. அமெரிக்காவுலகூட அப்படித்தான், சட்டசபை வேற, நிர்வாகம் வேற.”

“அப்ப என்னத்துக்குத் தம்பி வந்தீக?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியப்படுத்தணும்ல” என்றான் அவன்.

சிவகாமி கையைக் கழுவித் தாவணியில் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை படிக்கிற மாதிரி, உதடு அசைய, ஒரு வரியும் விடாமல் படித்தாள்.

“பரிச்சை முடிஞ்சு ஒம்பது நாளாச்சுண்ணே” என்றாள்.

“தெரியும்மா. முன்னறிவிப்பு கொடுத்த வாசகத்த நடுவுல மாத்தக் கூடாதுன்னு விதி.”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அம்மியைப் பார்த்தேன். காகிதத்தில் மசாலா ஈரம் எங்கேயாவது பட்டுவிட்டதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்து அவனிடமே நீட்டினாள்.

“பத்திரமா வச்சுக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, அழ ஆரம்பித்திருந்த அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.